விற்காத நிலத்தைக் காட்டுங்கள்

"அக்கா, எனக்கு மூன்று இடத்தில் வேலை தயாராக இருக்கிறது. எதில் சேருவது என்று தெரியாமல்தான் வேலையே இல்லாமல் உட்கார்ந்திருக்கிறேன்."

கள்ளக்குறிச்சியிலிருந்து ஒரு சகோதரி இப்படி எழுதியிருந்தார். மனுப் போட்டுப் போட்டுக் கை ஓய்ந்துபோனவர்களின் கடிதங்கள் இந்தப் பக்கத்துக்கு எத்தனையோ வருகின்றன. வேலை அதிகமாகிப் போய்த் திண்டாடுகிறவரின் கடிதம் வந்தது இதுதான் முதல் தடவை. அப்படி என்ன உத்தியோகம் என்று ஆவலோடு அடுத்த வரியைப் படித்தேன். நிலத் தரகு! ரியல் எஸ்டேட் ஏஜண்டு!

உங்களில் பாதிப் பேர் இந்த இடத்தில் பக்கத்தைப் புரட்டித் தொடர்கதைக்குப் போய்விடுவீர்கள் என்று எனக்குத் தெரியும். கொஞ்சம் பொறுங்கள். தரகர் என்றதும் நம் மனத்தில் வருகிற உருவம் என்ன? வெற்றிலைச் சிவப்பேறிய வாய், கக்கத்தில் மஞ்சள் பை, எந்த நிலத்தைக் கேட்டாலும் "தங்கமான பூமிங்க" என்று ஒரே பாட்டு. அந்த உருவம் இப்போது மாறிக்கொண்டு வருகிறது. உங்கள் அடுத்த வீட்டுக்காரி வாட்ஸ்அப்பில் ஒரு மனையின் படத்தை அனுப்பி, "உங்கள் நாத்தனார் வாங்குவாரா, கேட்டுப் பாருங்கள்" என்கிறாளே, அதற்கு அவளுக்குக் காசு வருமானால் சட்டத்தின் கண்ணில் அவளும் தரகர்தான். எந்த வழியாக இரண்டு பேரை அறிமுகம் செய்து வைத்துக் கூலி வாங்கினாலும் ஏஜண்டு என்றே 2016-ஆம் வருஷத்து ரியல் எஸ்டேட் சட்டம் சொல்கிறது. ஆகவே இது உங்கள் சமாசாரமும்தான்.

சகோதரிக்கு வயது முப்பத்து நாலு. பி.காம். படித்தவர். கணவர் அரிசி ஆலையில் கணக்கெழுதுகிறார். இரண்டு குழந்தைகள். இதுவரை வீட்டிலேயே தையல் மிஷின் போட்டு ரவிக்கை தைத்துக் கொடுத்து வந்தார். ஊரில் பாதிப் பெண்களின் அளவு அவர் நோட்டில் இருக்கிறது. "இத்தனை பேரைத் தெரிந்தவர் சும்மா இருக்கலாமா?" என்று மூன்று இடத்திலிருந்து அழைப்பு வந்திருக்கிறது. முதலாவது, பெரிய கண்ணாடிக் கதவு போட்ட ஒரு கம்பெனி. சேருவதற்குப் பதினைந்தாயிரம் கட்டவேண்டும், கமிஷனில் நூற்றுக்கு நாற்பது அவருக்கு. இரண்டாவது, மனைப் பிரிவு போட்டு விற்கும் ஒரு முதலாளியின் ஆபீஸ். மாதம் பன்னிரண்டாயிரம் சம்பளம். மூன்றாவது, ரிஜிஸ்தர் ஆபீஸ் அருகே மேஜை போட்டிருக்கும் ஒரு வயதான தரகர். சம்பளம் கிடையாது, கமிஷனில் கால் பங்கு.

கடிதத்தின் கடைசி வரி: "பதினைந்தாயிரத்துக்குச் சங்கிலியை அடகு வைத்துவிடலாமா அக்கா?"

இதற்குத் தபாலில் பதில் எழுத எனக்கு மனம் வரவில்லை. காரணம் உண்டு, சொல்கிறேன்.

நான் சிறு பெண்ணாக இருந்தபோது, 1998-இல், எங்கள் தெருவில் ஒரு மாமி இருந்தார். எல்லோருக்கும் வேண்டியவர். அவர் ஒரு மனைக் கம்பெனிக்கு ஆள் பிடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். என் தகப்பனார் அவர் வார்த்தையை நம்பி ஊருக்கு வெளியே ஒரு மனை வாங்கினார். "எல்லாம் அப்ரூவல் ஆனது" என்றார் மாமி. இருந்ததோ பஞ்சாயத்துத் தலைவரின் கையெழுத்து மட்டும். வருஷங்கள் ஓடின. 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதிவு செய்யக்கூடாது என்று தடை போட்டதும்தான் அப்பாவுக்கு விஷயம் புரிந்தது. அவசரத்துக்கு விற்கவும் முடியவில்லை. அந்த வருஷம் அக்டோபர் 20-க்கு முன் போட்ட மனைகளை வரன்முறை செய்துகொள்ளலாம் என்று 2017-இல் விதி வந்தது. கட்டணம் கட்டி ஒருவழியாக மீண்டோம். மனை பிழைத்தது, மாமியின் சிநேகம் பிழைக்கவில்லை. "ஆபீஸில் சொன்னார்கள், நான் உங்களிடம் சொன்னேன்" என்று என் அம்மாவிடம் ஒருநாள் வாசலில் நின்று அழுதார். பிறகு எங்கள் வீட்டுப் பக்கம் வரவே இல்லை. கம்பெனிக்காரர்களை அப்பா ஒருமுறைகூடத் திட்டியதில்லை; அவர்கள் முகமே அவருக்குத் தெரியாது. திட்டு வாங்கியதெல்லாம் மாமிதான்.

ஆகவே, தையல் நோட்டில் ஊர்ப் பெண்களின் அளவை வைத்திருக்கும் சகோதரியை நேரில் பார்க்க பஸ் ஏறினேன்.

கள்ளக்குறிச்சி 2019 நவம்பர் 26-இல் விழுப்புரத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமாயிற்று. கலெக்டர், கோர்ட்டு, கச்சேரி என்று ஒவ்வொன்றாக வரும்போது நிலத்துக்குக் கேட்க வேண்டுமா? நெல்லும் கரும்பும் விளைந்த பூமியில் வண்ணக் கொடிகள் விளைந்திருப்பதைப் பஸ்ஸிலிருந்தே பார்த்தேன். கலெக்டர் ஆபீஸ் கட்டுவதற்கு வீரசோழபுரத்துக் கோவில் நிலத்தை எடுக்கப்போய், அதுவே உயர் நீதிமன்றம் வரை போன ஊர் இது. சர்க்காருக்கே நிலம் அவ்வளவு சுலபமாகக் கிடைக்கவில்லை என்றால் சாமானியர் கதையைச் சொல்லவேண்டுமா?

சகோதரி பஸ் ஸ்டாண்டுக்கே வந்திருந்தார். கழுத்தில் சங்கிலி இருந்ததைப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

காப்பி குடித்துக்கொண்டே சட்டத்தைப் பற்றிப் பேசினோம். அவர் கைபேசியில் எல்லாம் படித்து வைத்திருந்தார். 500 சதுர மீட்டருக்கு மேல், அதாவது சுமார் 12 சென்டுக்கு மேல், மனை பிரித்து விற்பவர்கள் அந்தத் திட்டத்தை ரெரா ஆணையத்தில் பதிவு செய்யவேண்டும். அப்படிப் பதிவான திட்டத்து மனையை விற்றுக் கொடுக்கும் ஏஜண்டும் பதிவு செய்துகொள்ள வேண்டும். அந்த நம்பரை ஒவ்வொரு விற்பனையிலும் குறிப்பிட வேண்டும். பதிவில்லாமல் விற்றால் ஒரு நாளைக்குப் பத்தாயிரம் ரூபாய் அபராதம். அது ஏறிக்கொண்டே போய் மனை விலையில் நூற்றுக்கு ஐந்து வரை போகலாம். பழைய வீட்டையோ வயலையோ ஒருவர் இன்னொருவருக்கு விற்பதற்கு நடுவே நிற்கும் தரகருக்கு இந்தப் பதிவு வேண்டியதில்லை.

"அமெரிக்காவில் எப்படி அக்கா?" என்று கேட்டார். அவர் சித்தி மகள் அங்கே இருக்கிறாளாம். அங்கே பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கிய புது ஏஜண்டு தனியாகக் கடை போட முடியாது. அனுபவமுள்ள ஒரு புரோக்கரின் கீழ்தான் வேலை செய்யவேண்டும். ஆகவே எந்த புரோக்கரிடம் சேருவது என்பதே அங்கே முதல் கேள்வி. நம் சட்டத்தில் அந்தக் குருகுலவாசம் கிடையாது. மகாராஷ்டிரத்தில் 2023-இல் ஏஜண்டுகளுக்குப் பயிற்சியும் பரீட்சையும் கொண்டுவந்தார்கள். மனுவும் கட்டணமும் கட்டிப் பதிவு வாங்கிவிட்டால் மறுநாளே நீங்கள் ஏஜண்டு. குரு கட்டாயமில்லை என்பதால் குரு வேண்டாம் என்று ஆகிவிடுமா? நீந்தத் தெரியாதவனைக் கிணற்றில் இறங்காதே என்று தடுக்கச் சட்டம் இல்லை, அவ்வளவுதான்.

"மூன்று இடத்துக்கும் போவோம். மூன்று இடத்திலும் ஒரே கேள்வியைக் கேள்," என்றேன். "கமிஷன் எவ்வளவு என்று கேட்காதே. சென்ற வருஷத்தில் நீங்கள் வேண்டாம் என்று விட்டுவிட்ட நிலம் எது, ஏன் விட்டீர்கள் என்று கேள்."

கண்ணாடிக் கதவுக் கம்பெனிக்கு முதலில் போனோம். உள்ளே நல்ல குளிர். டை கட்டிய ஒரு தம்பி எங்களை உட்காரவைத்து, சுவரில் ஒரு படத்தைக் காட்டினார். மேலே ஒரு வட்டம், அதன் கீழே மூன்று, அதன் கீழே ஒன்பது. சகோதரி மூன்று பேரைச் சேர்க்கவேண்டும். அவர்கள் மூன்று மூன்று பேரைச் சேர்த்தால் மனை விற்றாலும் விற்காவிட்டாலும் இவருக்குப் பணம் வந்துகொண்டே இருக்குமாம். "மேடம், நீங்க நிலத்தையே பார்க்க வேண்டாம். ஆளைப் பாருங்க போதும்!" என்றார்.

நிலத்தைப் பார்க்காத நிலத் தரகு! ஆள் சேர்ப்பதால் மட்டும் பணம் பெருகும் திட்டங்களை 1978-லேயே ஒரு மத்தியச் சட்டம் தடை செய்திருக்கிறது என்பது அந்தத் தம்பிக்குத் தெரியுமோ என்னவோ.

சகோதரி நம் கேள்வியைக் கேட்டார். தம்பி வாய்விட்டுச் சிரித்தார். "விடறதா? எங்ககிட்டே வந்த நிலம் எதுவும் நின்னதே இல்லை மேடம்!"

நாற்பது பங்கு கணக்கையும் போட்டுப் பார்த்தோம். பத்து லட்ச ரூபாய் மனைக்கு இரண்டு பர்சன்ட் என்றால் கமிஷன் இருபதாயிரம். அதில் நாற்பது பங்கு எட்டாயிரம். கட்டின பதினைந்தாயிரத்தை மீட்கவே இரண்டு மனை விற்கவேண்டும். அந்த இரண்டு மனையை யார் வாங்குவார்கள்? புதிதாக வருகிற எவரும் முதலில் போய் நிற்பது அண்ணன் வீட்டிலும் ஓரகத்தி வீட்டிலும்தான். இந்த மாதிரிக் கம்பெனிகளுக்கு வேண்டியது உங்கள் பதினைந்தாயிரம் அல்ல, உங்கள் உறவுக்காரர்கள் என்று எனக்குத் தோன்றியது.

கையில் ஒரு வண்ணக் காகிதம் கொடுத்தார்கள். கல்வராயன் மலை அடிவாரத்தில் "பண்ணை மனை". இரண்டாம் கட்டம் மலை மேலேயே வரப்போகிறதாம். மேகம், அருவி, பண்ணை வீடு எல்லாம் படத்தில் இருந்தன. சர்வே நம்பர் மட்டும் இல்லை. "புக் பண்ணினா சொல்லுவோம்" என்றார் தம்பி.

இரண்டாவது இடம் புறவழிச் சாலையில் மனைப் பிரிவுக்குள்ளேயே ஒரு தகரக் கொட்டகை. வாசல் போர்டில் திட்டத்தின் பதிவு நம்பர் இருந்தது. சகோதரி கைபேசியில் தட்டிப் பார்த்தார், சரியாக இருந்தது. மானேஜர் அதிகம் பேசாத மனிதர். புக்கிங்குக்கு எவ்வளவு வாங்குவீர்கள் என்றேன். "பத்து பர்சன்ட். அதுக்கு மேலே வாங்கணும்னா அக்ரிமென்ட் ரிஜிஸ்தர் ஆகணும்." இது சட்டத்தில் உள்ளபடியே. நம் கேள்விக்கு, "அதெல்லாம் முதலாளி பார்க்கிறது. எனக்குத் தெரியாதுங்க" என்றார். பொய் சொல்லவில்லை. ஆனால் இங்கே சேர்ந்தால் இந்த ஒரு கொல்லையை மட்டும்தான் விற்கலாம். மூன்று மாதம் இலக்கு எட்டாவிட்டால் கணக்குத் தீர்த்து அனுப்பிவிடுவார்கள். சம்பளம், வேளைக்குச் சம்பளம். அதை ஏளனமாக நினைக்கக்கூடாது. எனக்கு இந்த இடம் பிடித்துப் போயிற்று.

மூன்றாவது இடத்துக்கு வருவோம். இங்கே கொஞ்சம் அதிக நேரம் உட்காரவேண்டியிருக்கிறது, ஏனென்றால் நாங்களும் அங்கே இரண்டு மணி நேரம் உட்கார்ந்தோம்.

வேப்ப மரத்தடி. ஒரு பத்திர எழுத்தரின் கடையை ஒட்டி ஒரு மேஜை, இரண்டு ஸ்டூல். பெரியவருக்கு எழுபது இருக்கும். "குந்துங்கம்மா" என்றார். அவர் தொழில் எல்லாம் வயலும் பழைய வீடும். மனைப் பிரிவுகளுக்குப் போவதில்லை. ஆகவே அவரிடம் ரெரா நம்பர் கிடையாது. இதை அவரே முதலில் சொன்னார். எனக்கு உடனே மனத்தில் ஒரு புள்ளி குறைந்தது. பதிவு இல்லாதவரிடம் போய்ப் புதிதாக வருகிற பெண் என்ன கற்றுக்கொள்வாள்?

சகோதரி கேள்வியைக் கேட்டார். பெரியவர் சிரிக்கவில்லை. மேஜை டிராயரைத் திறந்து நீள நோட்டு ஒன்றை எடுத்தார். கடைசிப் பக்கத்திலிருந்து தலைகீழாக எழுதிக்கொண்டு வந்திருந்தார். முன்பக்கம் முடிந்த கிரயங்கள். பின்பக்கம் விட்ட நிலங்கள்.

"இது பாரும்மா. ஒண்ணே கால் ஏக்கர் நஞ்சை. அண்ணன் தம்பி மூணு பேர். அப்பா சம்பாதிச்சது, உயில் கிடையாது, செத்துப் பதினோரு வருஷம். பட்டாவிலே மூணு பேரும் ஏறிட்டாங்க. வாங்கறவரும் ரெடி. நான் வாரிசுச் சான்றைக் கேட்டேன். அதிலே நாலாவதா ஒரு பொண்ணு பேரு. ஆத்தூர்லே கட்டிக் கொடுத்திருக்காங்க. 'அதுக்கு இருபது பவுன் போட்டாச்சு, சீர் செஞ்சாச்சு, அது எதுக்கு?'ன்னாங்க. அந்தப் பொண்ணு கையெழுத்து இல்லாம நான் வரலேன்னுட்டேன்."

"கமிஷன்?"

"போச்சு. வேற ஆளை வெச்சுப் பத்திரம் பண்ணிட்டாங்க. இப்போ கோர்ட்லே நடக்குது. வாங்கினவர் என்னைப் பார்த்தா மூஞ்சியைத் திருப்பிக்கிறார். நான் என்ன பண்ணேன்?"

வாசகிகளே, இந்த இடத்தைக் கத்தரித்து வைத்துக்கொள்ளுங்கள். உயில் எழுதாமல் தகப்பனார் இறந்துவிட்டால் அவருடைய சொந்தச் சம்பாத்தியத்தில் மகனுக்கு உள்ள அதே பங்கு மகளுக்கும் உண்டு. 1956-ஆம் வருஷத்து இந்து வாரிசுரிமைச் சட்டம் அப்படிச் சொல்கிறது. தாயாருக்கும் பங்கு உண்டு. பரம்பரைச் சொத்தில் பெண்ணுக்குப் பிறப்புரிமையைத் தமிழ்நாடு 1989-இல் திறந்து வைத்தது; அன்று கல்யாணமாகியிருந்த பெண்களுக்கு அந்தக் கதவு திறக்கவில்லை. 2005-இல் மத்தியச் சட்டம் அந்தப் பேதத்தையும் எடுத்தது. அந்தச் சட்டம் வந்த நாளில் தகப்பனார் உயிரோடு இருந்தாரா என்ற கேள்வியே வேண்டாம் என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் தீர்த்துவிட்டது. கல்யாணத்துக்குப் போட்ட நகை இந்தக் கணக்கை முடித்துவிடாது. எத்தனையோ பத்திரங்களில் பெண்ணின் பெயர் இல்லாமல் போவது சட்டம் இல்லாததால் அல்ல. நடுவில் நின்ற தரகர் கேட்காததால். தரகு வேலைக்கு ஒரு பெண் வரவேண்டும் என்று அன்றுதான் எனக்கு உண்மையிலேயே ஆசை வந்தது.

பெரியவர் நோட்டைப் புரட்டிக்கொண்டே போனார். ஒன்று, பவர் கொடுத்தவர் இறந்த பிறகு அந்தப் பவரை வைத்துக்கொண்டு விற்க வந்த நிலம். ஒன்று, பழைய 'ஏ' பதிவேட்டில் பஞ்சமி நிலம் என்று இருந்தது. 1892-இல் வெள்ளைக்கார சர்க்கார் ஒடுக்கப்பட்ட மக்களுக்கென்று கொடுத்த பூமி; வேறு சமூகத்தார் வாங்கினால் கிரயம் செல்லாது. "முப்பது வருஷத்து வில்லங்கச் சான்றிலே ஒரு கறை இருக்காது. பழைய ரிஜிஸ்தரைப் பார்த்தாத்தான் தெரியும்." ஒரு வரியில் நிலத்தின் விவரமே இல்லை; "ஆள் சரியில்லை" என்று மட்டும் எழுதியிருந்தார். ஏன் என்று நாங்கள் கேட்டதற்கு அவர் சொல்லவில்லை.

"மலை நிலம் ஏதாவது உண்டா?" என்று சகோதரி அந்த வண்ணக் காகிதத்தை நீட்டினார். பெரியவர் அதை வாங்கிப் பார்க்கவே இல்லை. "மேலே இருக்கிற நிலத்துக்கு நான் போறதில்லே. நீங்க போய்ப் பார்த்துட்டு வாங்க" என்றார்.

மறுநாள் காலை போனோம். கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையைத் தாண்டி, வளைந்து வளைந்து ஏறும் பஸ். பஸ்ஸில் புளி மூட்டை வாசனை. வெள்ளிமலையில் இறங்கினோம். காற்று என்னமோ படத்தில் இருந்தபடியேதான் இருந்தது. கம்பெனிக்காரர்கள் சொன்ன "இரண்டாம் கட்டம்" எந்தப் பக்கம் என்று விசாரித்துக்கொண்டு நடந்தபோது, தலையில் விறகுச் சுமையோடு வந்த ஒரு மலையாளி அம்மாள் நின்றார். மலையாளி என்றால் கேரளத்துக்காரர் அல்ல. இந்த மலைவாழ் மக்களுக்கு அதுதான் பெயர்.

"நிலம் வாங்க வந்தீங்களா?" என்றார். நாங்கள் பதில் சொல்வதற்குள், "அங்கே எங்க பெரியப்பன் சாமை போடுற இடம். அது விக்கிற நிலம் இல்லே. பட்டாவைக் கொடுத்தப்பவே படிச்சுக் காட்டினாங்க. பிள்ளைக்குப் போகும், விக்கக் கூடாதுன்னு" என்றார்.

ஒரு வார்த்தை பிசகாமல் சட்டத்தைச் சொன்னார். 2006-ஆம் வருஷத்து வன உரிமைச் சட்டப்படி கொடுக்கப்படும் நிலம் வாரிசுகளுக்குப் போகும். விற்கவோ மாற்றிக் கொடுக்கவோ முடியாது. நிபந்தனைப் பட்டாவாகக் கொடுத்த நிலமும் நிபந்தனையை மீறி விற்றால் நிற்காது. ஜாகீர்தார்களின் பிடியிலிருந்த இந்த மலை சர்க்காரின் நேரடி நிர்வாகத்துக்கு வந்ததே 1976-இல்தான். 2024-இல் கள்ளக்குறிச்சியில் விஷச் சாராயம் குடித்து அறுபது பேருக்கு மேல் இறந்த பிறகு, இந்த மலை மக்களின் நிலைமையைச் சென்னை உயர் நீதிமன்றம் தானாகவே வழக்காக எடுத்துக்கொண்டு, சாலை எங்கே, ஆஸ்பத்திரி எங்கே என்று கேட்டது. இவ்வளவு தாமதமாகக் கையில் கிடைத்த ஒரு காகிதத்தைத்தான் அந்த வண்ணப் படம் "இரண்டாம் கட்டம்" என்று சொல்கிறது.

மலையில் பட்டா நிலமே இல்லை என்று நான் சொல்லவரவில்லை. எது எது என்று சர்வே நம்பரைக் கொண்டு தாலுகா ஆபீஸில் பார்த்துத்தான் தெரியவேண்டும். சர்வே நம்பரையே சொல்லாதவர்களிடம் என்ன பேச்சு?

திரும்பும்போது சகோதரி ஜன்னல் பக்கம் உட்கார்ந்து வெகு நேரம் பேசவில்லை. அணை கண்ணுக்குத் தெரிந்ததும், "நான் அந்தப் படத்தை எங்கள் பெரியம்மாவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டேன் அக்கா, போன வாரமே" என்றார். "அவர் மகனுக்காக மூன்று லட்சம் சேர்த்து வைத்திருக்கிறார்." பஸ்ஸிலிருந்தே போன் போட்டார். நல்ல வேளை, பெரியம்மாவுக்குக் கண்ணாடி உடைந்து நாலு நாளாகப் படத்தையே பார்க்கவில்லையாம்!

அன்று மாலை என் அபிப்பிராயத்தைச் சொன்னேன். மனைப் பிரிவு ஆபீஸில் ஒரு வருஷம் இரு. நியமனக் கடிதம் எழுத்தில் வாங்கிக்கொள். விற்பனைக் காகிதத்தில் யாருடைய பதிவு நம்பர் வரும் என்று கேட்டு எழுதி வாங்கு. ஆபீஸ் நம்பரானால் நீ வெளியே வரும்போது அது உன்னோடு வராது. கமிஷன் எந்த நாளில் கைக்கு வரும், புக்கிங் செய்தவர் பின்வாங்கினால் கொடுத்த கமிஷனைத் திருப்பிக் கேட்பார்களா, பெட்ரோல் யார் காசு, எல்லாவற்றையும் முதல் நாளே பேசு. வருமான வரி பிடித்துக்கொண்டுதான் கொடுப்பார்கள். பான் அட்டை வேண்டும். பெரியவரிடம் லீவு நாளில் போய்க் கற்றுக்கொள். இப்படியெல்லாம் சொன்னேன். எனக்கு நானே மெச்சிக்கொள்ளும்படி இருந்தது என் யோசனை.

சகோதரி கேட்டுக்கொண்டார். கேட்கவில்லை.

ஆறு வாரம் கழித்து இந்தக் கடிதம் வந்திருக்கிறது:

"அக்கா, கோபித்துக்கொள்ளாதீர்கள். பெரியவரிடமே சேர்ந்துவிட்டேன். மனைப் பிரிவில் அந்த ஒரு இடத்துக் காகிதம் மட்டும்தான் பார்க்க முடியும். இங்கே தினம் ஒரு ஊர்க் காகிதம் வருகிறது. காலையில் குழந்தைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டுப் போகிறேன், மூன்று மணிக்கு வந்துவிடுகிறேன், ராத்திரி ரவிக்கை தைக்கிறேன். இதுவரை வந்த கமிஷன் பூஜ்யம். பஸ் காசு மட்டும் கொடுக்கிறார். தாய்ப் பத்திரத்திலிருந்து இன்று வரை சங்கிலி விட்டுப் போகாமல் படிக்கச் சொல்லிக் கொடுத்தார். போன செவ்வாய்க்கிழமை ஒரு வீட்டுப் பத்திரத்தில் நாலு பக்க அளவையும் கூட்டிப் பார்த்து, புல வரைபடத்துக்கும் பத்திரத்துக்கும் ஆறடி வித்தியாசம் இருப்பதை நானே கண்டுபிடித்தேன். பன்னிரண்டு வருஷமாக டேப் பிடித்த கை அல்லவா! அந்த வீட்டை நோட்டின் பின்பக்கத்தில் என்னையே எழுதச் சொன்னார்.

"ரெரா பதிவுக்கு என் பெயரிலேயே மனுப் போடச் சொல்கிறார். 'நீ வாங்கிட்டா இந்த மேஜைக்கும் ஒரு நம்பர் வரும், நானும் நாலு நல்ல மனையைக் காட்டலாம்' என்கிறார். கட்டணத்தில் பாதி அவர் தருகிறார். மீதிக்குச் சீட்டு எடுக்கப் போகிறேன். சங்கிலி கழுத்தில்தான் இருக்கிறது.

"கண்ணாடிக் கதவுக்காரர்கள் இன்னும் போன் செய்கிறார்கள். எங்கள் தெருவிலேயே இரண்டு பேர் சேர்ந்துவிட்டார்கள். அவர்களிடம் மலைக்குப் போய்வந்ததைச் சொன்னேன். ஒருத்தி கேட்டுக்கொண்டாள். இன்னொருத்தி, 'உனக்குப் பொறாமை' என்றாள்.

"என் மாமியாருக்குத்தான் மனம் ஆறவில்லை. 'ரிஜிஸ்தர் ஆபீஸ் வாசலில் பொம்பளைக்கு என்ன வேலை?' என்று தினம் கேட்கிறார். அவர் பிறந்த வீட்டில் மூன்று ஏக்கர் நிலம், அண்ணன்மார் பெயரில் மட்டும் பட்டா இருக்கிறதாம். நேற்றுத்தான் பேச்சுவாக்கில் சொன்னார். திங்கட்கிழமை அவரையும் மேஜைக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன்."